உள்ளே நடந்ததை வெளியே வந்து சொல்கிறவர்

அன்புள்ள ஸ்டெல்லா,

வியாழக்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லித் தொலைக்கலாமே என்று உன் அம்மா கேட்டாள். சொல்லலாம். ஆனால் நீ அந்தப் பக்கம் ‘ம்’ என்பாய், நான் இந்தப் பக்கம் இழுக்க ஆரம்பிப்பேன், ‘அதுவும் சரிதாம்மா, இதுவும் சரிதாம்மா’ என்று மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பேன். காகிதத்தில் இழுத்தால் கை வலிக்கும். ஆகவே நேராகப் பேசிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை. இந்த ஆள் எப்போது நேராகப் பேசினார் என்று நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சுற்றித்தான் வருவேன். ஆனால் வந்து சேர்ந்துவிடுவேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அம்மா உன் ஹாஸ்டலுக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமை காலையில் நீ வேலைக்குப் போவதற்கு முன்னால் படித்துவிடு.

நீ கேட்டதை முதலில் எழுதுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உன் கம்பெனியில் லைனில் நிற்கிற ஒரு பெண், சூப்பர்வைசர் அனுமதி இல்லாமல் லைனை விட்டுப் போய்விட்டாள் என்று அவள் மேல் என்கொயரி. நீ எச்.ஆர். டிரெய்னி, என்கொயரியில் யார் என்ன சொன்னாலும் அதை இங்கிலீஷில் அடித்து வைப்பது உன் வேலை. அந்தப் பெண், ‘பாத்ரூம் போகணும்னு மூணு வாட்டி கேட்டேன், மாத்தி நிக்க ஆள் குடுக்கல, அதான் போனேன்’ என்றாள். நீ அடித்தாய். உன் மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, ‘இந்த ஒரு வரி கேஸுக்கு சம்பந்தமில்லாதது. எடுத்துட்டு அந்தப் பக்கத்த மட்டும் திருப்பி அடிச்சு வெச்சுடு, திங்கக்கெழம கையெழுத்து வாங்கிடலாம்’ என்றார். அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அடுத்த மாதம் உன்னை நிரந்தரம் செய்யலாமா வேண்டாமா என்று எழுதப்போவதும் அதே மேனேஜர்தான். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ‘இன்னாப்பா பண்ணட்டும்?’ என்று கேட்டாய்.

நான் சொன்னேன்: ‘அவரு பெரியவரு, அவருக்குத் தெரியாததாம்மா? அதே நேரத்துல அந்தப் பொண்ணும் பாவம். நீ பாத்து நடந்துக்கோ.’ நீ ‘சரிப்பா’ என்று வைத்துவிட்டாய். உன் அம்மாவின் போனை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான், இந்த வசனத்தை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. சினிமாவில் இல்லை, பேப்பரிலும் இல்லை. முந்தின நாள் படித்தது. உன் கிரேக்க நாடகப் புத்தகத்தில்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி. உன் அப்பா கிரேக்க நாடகம் படிக்கிறார். முட்டி விஷயம் உனக்குத் தெரியும். ஒரகடம் கூட்ரோட்டில் கார் ஏற்றிப் போகிற டிரெய்லருக்கு பைக்கை ஒதுக்கி மரியாதையாக வழிவிட்டேன், அது போய்விட்டது, நான் மணலில் கிடந்தேன். சட்டைப் பையில் இருந்த என் செல்போனின் டிஸ்ப்ளேவும் உடைந்தது. அது படப்பையில் ஒரு கடையில் ‘நாளைக்கு வாங்க’ என்கிற நிலையில் பத்து நாளாக இருக்கிறது. மருத்துவ விடுப்பு, நீட்டிய கால், போன் இல்லை. உன் அலமாரியில் கையில் அகப்பட்டது மூன்று கிரேக்க நாடகங்களும் ஒரு தையல் மெஷின் கையேடும். கையேட்டை முதலில் படித்து முடித்தேன்.

இந்த நாடகங்களுக்கும் எனக்கும் பழைய பகை என்பது உனக்குத் தெரியும். உன் இரண்டாம் வருடக் கல்லூரி விழாவை நீ மறந்திருந்தால் நல்லது, மறந்திருக்க மாட்டாய். காலை ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிஃபார்மும் சேஃப்டி ஷூவுமாகத் தண்டலத்தில் இறங்கி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் பன்னிரண்டு பெண்கள் பஞ்சுத் தாடி ஒட்டி, பெட்ஷீட் போர்த்தி, வரிசையாக நின்றார்கள். ராஜா வந்து கத்தினார். தாடிகள் ‘ஆம் அரசே’ என்றன. எதிர்த்து ஒருவன் வந்து கத்தினான். தாடிகள் ‘இவன் பேச்சிலும் நியாயம் உண்டு’ என்றன. நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன். தாடிகள் அதே இடத்தில் நின்றன. அப்புறம் நீ வந்தாய், சாக்கு நிறத் துணியும் கையில் கோலுமாக. அரண்மனைக்குள்ளே யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று நின்ற இடத்தில் நின்று சொல்லத் தொடங்கினாய். நான் ஊரில் ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டுகிற பாஸ்கா பார்த்து வளர்ந்தவன். அங்கே சாட்டையடி என்றால் மேடையில் சாட்டை வரும், ரத்தம் என்றால் சிவப்புச் சாயம் வரும். தெருக்கூத்தும் பார்த்தவன்; படுகளம் என்றால் செத்தவன் மண்ணில் ஆள் நீளத்துக்கு விழுந்து கிடப்பான். இங்கே சாவெல்லாம் உள்ளே, நமக்கு வெறும் தகவல். பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ‘இன்னா சார் இது, சண்டையெல்லாம் உள்ளாறயே முடிஞ்சிபோச்சாம், நமக்கு வெறும் ரிப்போர்ட்டா?’ என்றேன். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. நான்கு வரிசை சிரித்தது. மேடையில் நீ நின்றுபோனாய். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாய். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் யாரோ ஏற்றியிருந்த முட்டைகோஸ் மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் நான் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தேன். நம் வீட்டில் மன்னிப்பு எண்ணெயில் பொரித்துத்தான் வரும்.

அதற்குப் பரிகாரம்போல ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் படிக்கப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் விட்டேன். அங்கே அடையாளத்துக்கு வைத்த கேன்டீன் டோக்கன் இன்னும் இருக்கிறது. காரணம் பெயர்கள். ஒவ்வொரு ராஜா பெயரும் ஒரு பார்ட் நம்பர் நீளம். பார்ட் நம்பராவது ஒரு ஒழுங்கில் வரும். யார் அப்பன், யார் மகன், யார் யாரைச் சபித்தது என்று தெரிவதற்குள் பஸ் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டது. ஐ.டி.ஐ. படித்தவனுக்கு இது வேண்டாத வேலை என்று மூடி வைத்தேன். புத்தகத்தில்தான் குறை என்று எனக்கு நானே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை, வேறு வழி இல்லாததால், எனக்குத் தெரிந்த ஒரே முறையில் படித்தேன். இத்தனை வருடம் தர ஆய்வில் இருந்தவனுக்கு ஒன்றுதான் தெரியும்: புரியாத பொருள் வந்தால் அதற்கு ஒரு செக் ஷீட் போடு. உன் பழைய லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டேன். ராஜாவுக்கு ஏ, ராணிக்கு பி, எதிர்க்கிறவனுக்கு சி. ஒவ்வொருவரும் வாய் திறக்கிறபோது மூன்று கட்டம். ஏ பக்கம் பேசுகிறாரா? சி பக்கம் பேசுகிறாரா? சொல்வது தான் கண்ணால் பார்த்ததா, இல்லையா? பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனேன். வேடிக்கை என்னவென்றால், பெயர் போனதும் நாடகம் வந்துவிட்டது. எழுத்தோடு எழுத்து மோதுகிறது. அடுத்து என்ன ஆகும் என்று எல்லோருக்கும் முதலிலேயே தெரிகிறது, ராஜாவுக்கு மட்டும் தெரியவில்லை. எங்கள் லைனில் ஒரு டூல் உடையப்போகிறது என்று சத்தத்திலேயே எங்களுக்குத் தெரியும். மீட்டிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதே பதற்றம். முதல் நாடகத்தைச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் முடித்தேன். எழுந்திருக்க முடியாததும் ஒரு காரணம்.

முடித்தபின் ஷீட்டைப் பார்த்தேன். ராஜாவுக்கு நேராக ‘கண்ணால் பார்த்தது’ கட்டத்தில் ஒரு டிக்கூட இல்லை. எதிர்த்துப் பேசுகிறவனுக்கும் இல்லை. பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், எல்லாம் நினைப்பதும் நம்புவதும் கேள்விப்பட்டதும்தான். கடைசியில் ஒரே ஒரு ஆள் வருகிறான். அவனுக்கு ஏ பக்கமும் இல்லை, சி பக்கமும் இல்லை. ஆனால் மூன்றாவது கட்டம் முழுக்க டிக். அவனுக்குப் பெயரும் கிடையாது. புத்தகத்தில் ‘தூதன்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அன்றைக்கு நீ போட்ட வேஷம்.

அவன் சொல்வதைத் திரும்பப் படித்தேன். சொல்லத் தயங்குகிறான். வாசலில் நிற்கிறவர்கள் ‘சொல்’ என்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தபின் எதையும் விடவில்லை: கதவு எப்படித் திறந்தது, முதலில் என்ன சத்தம் கேட்டது, யார் கை யார் மேல் கிடந்தது. அன்றைக்கு நான் ‘வெறும் ரிப்போர்ட்டு’ என்று சிரித்த பகுதி இதுதான். இந்த முறை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று யோசித்தபோது உன் தாத்தா சாவு ஞாபகம் வந்தது.

அப்போது நீ சின்னக் குழந்தை. எங்கள் கம்பெனியில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து செய்தி என்றால் செக்யூரிட்டிக்கு வந்து, சூப்பர்வைசருக்குப் போய், அப்புறம்தான் எங்களுக்கு வரும். அன்றைக்கு சூப்பர்வைசர் என் தோளில் தட்டி, ‘ஊர்ல ஏதோ கொஞ்சம் பிரச்சனையாம்பா, கெளம்பு’ என்றார். அப்போது பங்காளிகளோடு வரப்புத் தகராறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சரி, பேசி முடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், பெரியவர்கள் உட்கார்ந்தால் பேச்சு நீளும், கொறிக்க ஏதாவது வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டில் அரைக்கிலோ மிக்ஸர் வாங்கினேன். தெரு முனையில் ஷாமியானா தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். அப்பாவின் ஐஸ் பெட்டிக்கு முன்னால் கையில் மிக்ஸர் பாக்கெட்டோடு நின்றேன். உன் அத்தை அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் அரிசி டிரம்மில் போட்டாள். ஒரு மாதம் கழித்து சூப்பர்வைசரிடம் கேட்டேன். ‘உன்னை எதுக்கு டென்ஷன் பண்ணணும்னு ஒரு வார்த்தய கம்மி பண்ணேன்பா’ என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவருடையது இல்லை, என்னுடையது. அதைக் குறைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? செத்தவரைப் பற்றி முழுதாக வந்து சொல்கிற அந்தப் பெயரில்லாத ஆளைப் படித்தபோது, இப்படி ஒருவன் அன்றைக்கு எங்கள் கேட்டுக்கு வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. நாலு வரிசையைச் சிரிக்க வைத்த என் ஜோக்குக்கு இப்போதுதான் உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

இதெல்லாம் புதன்கிழமை. தாடிகள் விஷயத்தை அன்றைக்கு நான் ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் அவர்களுக்குப் ‘பாடற்குழு’ என்று பெயர். ஊர்ப் பெரிய மனிதர்கள். மூன்று நாடகத்துக்கும் ஷீட் போட்டேன். எனக்குப் புரிந்தவரை அவர்களுக்கு மட்டும் ஏ பக்கம், சி பக்கம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக டிக். ராஜா பேசினால் ராஜா சரி. எதிரி பேசினால் எதிரியும் சரி. உள்ளே ஒரு அலறல் கேட்கிறது. போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்கள். எங்கள் கம்பெனியில் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுகிற தொழிலாளர் கமிட்டி ஞாபகத்தில், ‘சம்பளம் வாங்காத ஒர்க்ஸ் கமிட்டி’ என்று பக்கத்தில் எழுதிவைத்தேன். மறுநாள்தான் நீ கூப்பிட்டாய். நான் உனக்குச் சொன்ன பதிலை அந்த ஷீட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று பார்த்தேன். இரண்டிலும் ஒவ்வொரு டிக்.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அம்மா காபியோடு வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

‘இன்னாங்க இது, கோடு கோடா? சீட்டாட்டக் கணக்கா?’

‘கிரேக்க நாடகம்.’

‘முட்டிக்குக் குடுத்த மாத்திரை தலைக்கு ஏறிடுச்சா?’

உட்கார வைத்து எல்லாம் விளக்கினேன். தூதன், தாடிகள், என் பதில், டிக். பொறுமையாகக் கேட்டாள். ‘இதுக்குப் போயி அந்த ஊர் புத்தகம் எதுக்குங்க? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. எங்கம்மா ஒண்ணு சொன்னா அதுக்கும் ஆமா, நான் ஒண்ணு சொன்னா அதுக்கும் ஆமா. இருவத்தஞ்சு வருஷமா ரெண்டு பக்கமும் ஆமா போட்டுத்தானே வூட்ட ஓட்டறீங்க.’ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படி வரை போனவள் திரும்பினாள். ‘மூர்த்தி அண்ணன் விஷயத்துல இன்னா பண்ணீங்களோ அதையேதான் இப்ப பொண்ணுக்கும் சொல்லிக் குடுக்கறீங்க. போயி அவரு மூஞ்சிய ஒரு வாட்டி பாத்துட்டு வாங்க. அப்புறம் அவளுக்கு பதில் சொல்லுங்க.’

மூர்த்தி மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருவார், நிலக்கடலை பிடுங்குகிற சீசனில் செடியோடு கட்டிக் கொண்டுவந்து உன் மடியில் போடுவார். திடீரென்று வராமல் போனார். ‘மாமா ஏம்ப்பா வர்றதில்ல?’ என்று நீ கேட்டபோது, ‘நிலத்துல வேலை அதிகம்’ என்றேன். அது பொய். எங்கள் கம்பெனியில் அவரை வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். ஒருநாள் பிரஸ் லைனில் சிவப்பு பட்டனை அழுத்தி மொத்த லைனையும் நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே உற்பத்தியைக் கெடுத்தார் என்று அவர் மேல் என்கொயரி. ஒர்க்ஸ் கமிட்டியில் இருந்த ஆறு பேரில் நானும் ஒருவன். தொழிலாளி பக்கத்துக்குச் சாட்சியாக என்னை உட்கார வைத்தார்கள். மூர்த்தி தெளிவாகச் சொன்னார்: ‘கார்டு சுவிட்ச்ச கம்பி வெச்சு கட்டி வெச்சிருக்காங்க. ஆளு கை உள்ள இருக்கு, பிரஸ் எறங்குது. அதான் அழுத்துனேன்.’ கார்டு என்றால் கை உள்ளே போகாமல் தடுக்கிற கதவு. அது திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். வேகம் குறையக் கூடாது என்று அந்த சுவிட்சைக் கட்டிப்போட்டிருந்தார்கள். எனக்கும் தெரியும், லைனில் எல்லோருக்கும் தெரியும். டைப் செய்து வந்த காகிதத்தில் கம்பியும் இல்லை, கையும் இல்லை. ‘பட்டனை அழுத்தியதை ஒப்புக்கொண்டார்’ என்று மட்டும் இருந்தது. என்னிடம் கருத்துக் கேட்டார்கள். ‘நிர்வாகம் சொல்றதும் சரி, அவரையும் கொஞ்சம் கருணையோட பாக்கணும்’ என்றேன். கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம்தான் நம் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்குக் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து, காலை இழுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனேன். மூர்த்தி இப்போது கம்பெனிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஹோஸ் பைப்பை விடாமலே குரல் கொடுத்தார்.

‘யாரு, கமிட்டி மெம்பரா? வாய்யா. இன்னா நொண்டிகினு வர்ற?’

‘வண்டில இருந்து வுழுந்துட்டேன்.’

‘எந்தப் பக்கம் வுழுந்த? ரெண்டு பக்கமுமா?’

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை அப்படியே சொன்னேன். ‘மூர்த்தி, அன்னிக்குப் பேப்பர்ல நீ சொன்ன கம்பி விஷயம் இல்ல. கையெழுத்து போடறப்பவே எனக்குத் தெரியும்.’

‘தெரியும்னு எனக்கும் தெரியும்யா. நீ படிச்சுப் பாத்துட்டுத்தானே பேனாவ தொறந்த. நான் எதிர்லதானே குந்திகினு இருந்தேன்.’

‘அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?’

‘நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் லாரி வாங்கிட்டேன்.’

டயரைக் கழுவிக்கொண்டே பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘வேல போனது ஒண்ணும் பெருசு இல்லய்யா. இங்க கேட்டுக்குக் கேட்டு வேல கீது. லேபர் கோர்ட்டுல அந்தப் பேப்பர எடுத்துப் படிச்சாங்க பாரு, அதான். எதுக்கு அழுத்துனேன்னு அதுல ஒரு வார்த்த இல்ல. கொழுப்பெடுத்து அழுத்துனவன் மாதிரி கீது. வூட்டுக்கு வந்தா எங்க வூட்டுக்காரியே கேக்கறா, நெசமாவே நீ அங்க அத்த சொன்னியா, இல்ல வூட்டுக்கு வந்துதான் எங்கிட்ட சொல்றியான்னு.’

அப்போதுதான் உன் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண், மூன்று முறை கேட்டது, ஒரு வரி, மேனேஜர், எல்லாம். ‘உம் பொண்ணா அத்த அடிக்குது?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘அதுகிட்ட நீ இன்னா சொன்ன?’ ‘பாத்து நடந்துக்கோன்னு சொன்னேன்.’ தண்ணீரை நிறுத்தினார். என்னை ஒரு தரம் பார்த்தார். ‘அடப்பாவி’ என்றார். அவ்வளவுதான். பைப்பைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். நான் எழுந்து நின்றேன். முட்டி விடவில்லை, லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். ‘அக்கா, அவரு அன்னிக்கே சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன், என் காதால கேட்டேன்’ என்று ஆரம்பித்தேன். எந்த அறை, யார் யார் இருந்தார்கள், மூர்த்தி எந்த வார்த்தையில் சொன்னார், கம்பி எந்தக் கலர், டைப் அடித்த காகிதம் வந்தபோது அதில் என்ன இருந்தது, என்ன இல்லை, நான் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அதற்குப்பின் கேன்டீனில் என்ன சாப்பிட்டேன் என்பதுவரை சொன்னேன். ஏ பக்கமும் பேசவில்லை, சி பக்கமும் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூன்றாவது கட்டத்தில் நின்று பேசினேன். முடித்தேன். நாடகத்தில் யாராவது அழுவார்கள், யாராவது பாடுவார்கள். அந்த அக்கா டம்ளரை லாரிப் படியில் வைத்துவிட்டு, ‘இத்தினி வருஷம் கழிச்சி வந்து சொல்றியா?’ என்றார். உள்ளே போய்விட்டார். மூர்த்தி கதவுப் பக்கம் திரும்பி, ‘கேட்டுகினியா?’ என்று உரக்கச் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஆறிப்போயிருந்தது.

அந்தத் தூதனை இரண்டாம் முறை படித்தபோது கவனித்த இன்னொன்று. சொல்லி முடித்ததும் அவன் போய்விடுகிறான். அவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, உட்காரச் சொல்வதில்லை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று நாடகம் சொல்வதும் இல்லை. சினிமாவில் வருவதுபோல இதில் ஒரு வெற்றி இருக்கும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு வேலை போனாலும் போகலாம். அவள் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். ஆனால் அவள் கோர்ட்டுக்குப் போனாலும், வீட்டுக்குப் போனாலும், எதுக்குப் போனேன் என்று அவள் சொன்னது காகிதத்தில் இருக்கும்.

ஆகவே வியாழக்கிழமை நீ கேட்டதற்குப் பதில்: அந்த வரியை எடுக்காதே.

மேனேஜரிடம் சண்டை போடாதே, பிரசங்கமும் வேண்டாம். ‘சார், அவங்க சொன்னத நான் கேட்டேன், கேட்டபடி அடிச்சிருக்கேன். எடுக்கணும்னா நீங்களே உங்க கையால கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல உங்க கையெழுத்தப் போட்டுடுங்க’ என்று மட்டும் சொல். சொல்லும்போது உன் குரல் நடுங்கும். நடுங்கட்டும், தூதனும் தயங்கித்தான் ஆரம்பிக்கிறான். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டு. எழுதியவள் என்று கீழே உன் பெயரைப் போடு.

உன்னை நிரந்தரம் செய்யாமல் போகலாம். செய்யாமல் போனால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வா. உன் அம்மா திட்டுவாள். தெருவில் நாலு பேர் வந்து, அந்த மேனேஜரும் ஒரு குடும்பஸ்தர், அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும் இல்லையா என்பார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ‘அதுவும் சரிதான்’ என்று சொல்ல மாட்டேன்.

உன் அப்பா